உதைப் போட்டி: அனுமதி இலவசம்

1961ஆம் ஆண்டு அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 10 நிமிடம். மேகமூட்டம். குடை பிடித்தால் வெட்கமும் பிடிக்காவிட்டால் சளியும் தருகிற பெங்களூர்த் தூறல். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் நின்று நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்தது நாற்பது பேர். வந்திருந்தது நானூற்றுப் பன்னிரண்டு பேர். (மரக்கிளைகளில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை இதில் சேர்க்கவில்லை.)

தப்பு முழுக்க என்னுடையதுதான். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, இன்றுவரை தெரியாது. ஆனால் எதையும் எண்ணிப் பட்டியல் போட்டு ரசீது வாங்கி வைக்கிற ஆள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், அவனைச் செக்ரட்டரி ஆக்கிவிடுவார்கள். என்னை ஆக்கியவர் மெக்கானிக் ஆரோக்கியம். உலக யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள்களை வாங்கி உயிர் கொடுப்பது அவர் தொழில். அப்படி உயிர் பெற்ற பதினோரு வண்டிகளின் சொந்தக்காரர்கள் அவர் பட்டறையில் மாலையில் கூடுவார்கள்.

"நம்ம வண்டிங்கள ஒரு நாள் வரிசையா நிக்கவெச்சு ஊருக்குக் காட்டணும் சார். சும்மா நின்னா போர் அடிக்கும். யாரு கம்மி கிக்ல ஸ்டார்ட் பண்றாங்களோ அவங்களுக்கு ஒரு கப்பு. நோட்டீஸ் நீங்க எழுதுங்க" என்றார்.

எழுதினேன். அங்கேதான் என் தமிழ்ப் பற்று குறுக்கே வந்தது. 'கிக் ஸ்டார்ட் காம்பெடிஷன்' என்று எழுத என் கை கூசியது. அரை மணி நேரம் யோசித்து, 'உதைப் போட்டி' என்று எழுதினேன். என்ன அழகான சொல் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அச்சகத்தாரிடம் பெரிய எழுத்துகள் குறைவாக இருந்தன. 'பழைய மோட்டார் சைக்கிள் காட்சி' என்பதை எறும்பு அளவிலும், 'மாபெரும் உதைப் போட்டி! குறைந்த உதையில் ஜெயிப்பவர்களுக்கு வெள்ளிக் கோப்பை! அனுமதி இலவசம்!' என்பதை யானை அளவிலும் அடித்து ஐந்நூறு பிரதிகள் கொடுத்துவிட்டார். ஐந்நூறையும் நானே தெருத் தெருவாக விநியோகித்தேன்.

எனவே அன்று காலை வந்தவர்கள் சண்டை பார்க்க வந்தவர்கள். நான்கு பயில்வான்கள் உடம்பில் எண்ணெய் பூசி வந்து, "பேரு எங்க குடுக்கணும்?" என்று கேட்டார்கள். ஓர் அம்மாள் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "இவரு பேரையும் எழுதிக்கோ சார்."

"இவர் உதைப்பாராம்மா?"

"இல்ல சார், வாங்கிக்கறதுக்கு."

சிரிக்க எனக்குத் தெம்பில்லை. காரணம், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருந்தார், கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள். நான் அப்போது சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பிரொபேஷன் முடிய இன்னும் இருபத்திரண்டு நாள். "போலீஸ் ஸ்டேஷன் படியில கால் வெச்சேன்னு தெரிஞ்சாப் போதும், உன் ஃபைலை மூடிடுவேன்" என்று எங்கள் ஹெட்கிளார்க் எல்லாப் புது ஆட்களுக்கும் சொல்லிவைத்திருந்தார். என்னிடம் மட்டும் மூன்று முறை சொல்லியிருந்தார்.

"செக்ரட்டரி யாருரீ?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். கன்னடக்காரர், தமிழை உதறி உதறிப் பேசினார்.

பதினோரு சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள்.

"உதைன்னா என்னரீ?"

"அது வந்து சார்... காலால..."

"நம்ம கன்னடத்துலயும் ஒதெ அப்படின்னா அதேதான். பர்மிஷன் எல்லி? எங்க?"

"ஐயோ சார், உதைக்கப் போறது மனுஷங்களை இல்ல சார். வண்டியை."

"வண்டி என்ன தப்பு பண்ணிச்சு?"

ஆரோக்கியம் முன்னால் வந்து விளக்கினார். சப் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "சரி, தோர்சி. காட்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் வண்டியை உதைத்தார்கள். கூட்டம் எண்ண ஆரம்பித்தது. முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில், மசூதிப் பக்கத்து ஆட்கள் உருதுவில். முப்பத்தொன்று வரை எண்ணியும் வண்டி இருமக்கூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது, பதினோராவது வரை அதே கதி. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு உதைகள். (சரிபார்த்துவிட்டேன்.) இரவெல்லாம் நனைந்த வண்டிகள். எதுவும் உயிர் பெறவில்லை.

"காசைத் திருப்பிக் குடு!" என்று மரத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான். அனுமதி இலவசம் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி டைம். வண்டி ஸ்டார்ட் ஆகணும். ஆகலேன்னா நீங்க ஸ்டார்ட் ஆகணும். ஸ்டேஷனுக்கு."

ஆரோக்கியம் ஒரு வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஈரம் சொட்டியது. "நெருப்புல சுட்டு எடுத்தா புடிச்சிக்கும் சார். நெருப்புக்கு எங்க போறது?"

நெருப்பு இருபது அடி தள்ளி இருந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கடை போட்டிருந்த சம்பூர்ணம் அக்காவின் தோசைக்கல்.

"என் கல்லு மேலயா? இரும்புச் சாமானா? போய்யா அந்தாண்ட!"

"அக்கா, என் வேலையே போயிடும் அக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. கல்லிலிருந்த தோசையை எடுத்து என் கையில் வைத்து, "இத துன்னு மொதல்ல. அப்புறம் போடு" என்றாள்.

பதினோரு வண்டிகள், பன்னிரண்டு பிளக்குகள். ரயில்வே கார்டு டேவிட்டின் வண்டிக்கு மட்டும் இரட்டை சிலிண்டர். பிளக் எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. மாறிப்போனால் நிஜமாகவே உதை விழும். வாழ்நாளெல்லாம் எண்ணிய எண்ணிக்கைக்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. வட்டக் கல்லில் கடிகாரம் போல அடுக்கினேன். முதல் வண்டிக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு மணி, டேவிட்டுக்குப் பதினொன்றும் பன்னிரண்டும். பெருமையோடு திரும்பி, சப் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்தான். மறுபடி திரும்பியபோது சம்பூர்ணம் அக்கா துணியால் கல்லைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"ஒரே பக்கமா வேகுதுய்யா. திருப்பி வெச்சேன்."

"எவ்வளவு திருப்புனீங்க?"

"தோசைக்குத் திருப்பற அளவுதான்."

என் கடிகாரத்தில் மணி என்ன என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு நாளை நினைத்துக்கொண்டேன். முகத்தைக் கல் போல வைத்துக்கொண்டு, "இது உங்களது, இது உங்களது" என்று வாய்க்கு வந்தபடி பிளக்குகளைப் பங்கிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. என் எண்ணிக்கையின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. (ஆரோக்கியம் போய்ச் சேரும்வரை இதை அவரிடம் சொல்லவில்லை.)

முதல் வண்டி. கூட்டம் "ஒண்ணு!" என்றது. இரண்டு என்று சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. படபடவென்று பிடித்துக்கொண்டது. அடுத்ததும் "ஒண்ணு!" அதற்கடுத்ததும். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் விசில் அடித்தார்கள். நான்கு பயில்வான்களும் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். எண்ணெயில் இரண்டு முறை வழுக்கினேன். பதினோரு வண்டிகளும் ஒன்றாக உறுமியபோது மைதானம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை மீறி, என் வாழ்க்கையில் முதல் முறையாக, எண்ணாமல் கத்தினேன்.

டேவிட்டின் வண்டியில் மைதானத்தை மூன்று சுற்று சுற்றி வந்த சப் இன்ஸ்பெக்டர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "கப்பு யாருக்குரீ?"

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். ஒரே உதையில் கிளம்பியவை ஏழு வண்டிகள். கோப்பை ஒன்று.

"சீட்டு எடுத்து..." என்று இழுத்தேன்.

அவர் நோட்டீஸை விரித்தார். தமிழ் படிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் விரலை வைத்து வாசித்தார்: "ஜெயிப்பவர்-களுக்கு." அந்த ஒரு 'கள்'ளை மரியாதைக்காகச் சேர்த்திருந்தேன்.

"எழுதினா குடுக்கணும்ரீ. இல்லேன்னா சீட்டிங், மோசடி கேஸ் ஆகும்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நம்பி விஷப்பரீட்சை செய்ய நான் தயாராக இல்லை. மறுநாளே மீதி ஆறு கோப்பைகளுக்கும் ஆர்டர் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டார். கையில் காவல் நிலையத்துக் கடிதம். "ஊரார் நானூறு பேர் முன்னிலையில், யாருக்கும் காயமின்றி, உதைப் போட்டியை அமைதியாக நடத்திய குமாஸ்தாவைப் பாராட்டுகிறேன்" என்று அவர் உரக்கப் படித்துவிட்டு, அதை என் ஃபைலிலேயே சேர்த்தார். அக்டோபர் முப்பதாம் தேதி என் வேலை நிரந்தரமானது.

இன்றும் வீட்டில் ஸ்கூட்டரோ மிக்ஸியோ முரண்டு பிடித்தால் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்று "ஒண்ணு! ரெண்டு!" என்று கத்துகிறார்கள். யாராவது விருந்தாளி வந்தால் என் மனைவி, "இவரு மாதிரி பிரேசர் டவுன்ல ஊரைக் கூட்டி உதைக்கு ஏற்பாடு பண்ணினவங்க யாரும் கிடையாதுங்க" என்று அறிமுகம் செய்கிறாள்.

கோப்பை ஒன்று பன்னிரண்டரை ரூபாய் வீதம் ஆறு, எழுபத்தைந்து. பெட்ரோல் வாசனை போகாத தோசைக்கல்லுக்குப் பதில் சம்பூர்ணம் அக்காவுக்குப் புதுக் கல், நான்கே கால். மாதம் நூற்றுப் பத்து ரூபாய் வாங்கிய எனக்கு அந்த வெற்றி வைத்த செலவு மொத்தம் எழுபத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.