வேலிக்கு ஷிப்ட் போட்ட நைனா

பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு இல்லாத மனிதனை நான் பார்த்ததில்லை. ஆனால் வேலிக்கு ஷிப்ட் போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டில் வந்து வாய்த்தார்.

காக்களூரில் ஒரு பைப் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்க்கிறவனையெல்லாம் நைனா என்பார்; அதனால் தெருவே அவரை ஷிப்ட் நைனா என்றது. சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்குத்தான் தெரியும்.

எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் செம்பருத்தியும் முள்கம்பியும் கலந்த ஒரு வேலி. மனை போட்டு விற்றவர் வைத்தது. யாருடையது என்று பத்திரத்தில் இல்லை. ஒருநாள் ஆடு புகுந்து என் மனைவியின் கத்தரிச் செடிகளை மொட்டையடித்துவிட்டுப் போனது. நியாயம் கேட்கப் போனேன்.

"அண்ணா, இந்த வேலி யாருது? யாரு சரி பண்றது?"

"யாருதுன்னு கேக்காத நைனா. கம்பெனில மிஷினு யாருதுன்னு எவனாவது கேட்டானா? யாரு டூட்டின்னுதான் கேப்பான்."

அன்றே சட்டம் வந்தது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு சார்ஜ் மாற்ற வேண்டும்.

முதல் திங்கட்கிழமை லுங்கியோடு போய் நின்றேன். அவர் பேண்ட், ஷூ, கழுத்தில் விசில்.

"லுங்கியில வந்தா சார்ஜ் குடுக்க மாட்டேன். சேப்டி இன்னா ஆவறது? போய் பேண்ட்டு போட்டுகினு வா."

போட்டுக்கொண்டு வந்தேன், என்னத்தைச் சொல்ல! ஒவ்வொரு கம்பமாக ஆட்டிக் காட்டினார். "இது ஆடுது. இங்க ஒரு ஓட்ட கீது. அதோ, ஓணான் ஒண்ணு கீது. எல்லாம் பாத்துகினியா?"

ஓணானையும் சேர்த்து ஏற்றுக்கொண்டேன்.

இன்னொரு திங்கட்கிழமை, ஆறு மணிக்குச் சற்று முன்னால் வேலியோரம் சாரைப்பாம்பு. அவருடைய டூட்டி. கழியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். என்ன வீரம்! பாம்பு மூலையில் வசமாக மாட்டிக்கொண்ட நேரத்தில் வாட்சைப் பார்த்தார். விசில் ஊதினார். கழியை என் கையில் கொடுத்தார்.

"ஆறு ஆயிடுச்சு நைனா. இனிமே உன்னுது."

பாம்பும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெருந்தன்மையோடு அதுதான் முதலில் போனது.

"ஒரு சொவுர கட்டித் தொலைங்களேன்!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வாய் முகூர்த்தம், ஓசூரிலிருந்து நைனாவின் மகன் வந்தான். அப்பா இந்த வயதில் முள்கம்பியில் கையைக் கிழித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தன் செலவிலேயே சுவர் எழுப்புவதாகச் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை நைனா விசில் இல்லாமல் வந்தார். கம்பத்தை ஆட்டவும் இல்லை.

"சொவுரு வந்துட்டா ஆடாது, ஓட்ட வுழாது. எனுக்கு இன்னா வேல? உங்க அண்ணி தவறிப் பூட்டப்பறம், காலைல எழுந்து நான் பேண்ட்டு போடறதே இதுக்குதான் நைனா. மவன் ஆசையா கட்றேன்றான். வாணாம்னு எப்டி சொல்றது?"

அவசரப்பட்டுச் சரி சொன்ன என் வாயை என்ன செய்வது?

மறுநாள் மேஸ்திரி வந்து நூல் பிடித்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நிறுத்து தம்பி! எல்லையில தகராறு கீது. உங்கப்பா என் மனையில ஒரு அடி ஏறி வந்துட்டாரு."

மகன் திகைத்துப் போனான். நைனா என்னை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார் பாருங்கள்!

"இன்னாது, ஒரு அடியா? யோவ், நீதான்யா என் எடத்துல குந்திகினு கீற! கூப்புடுய்யா சர்வேயர!"

தெருவே கூடிவிட்டது. சமாதானம் பேச வந்தவர்களை இரண்டு பேருமாகச் சேர்ந்து விரட்டினோம். தகராறு உள்ள இடத்தில் கை வைக்க மாட்டேன் என்று மேஸ்திரி நூலைச் சுருட்டினார். மகன் ஓசூருக்கு பஸ் ஏறினான்.

சர்வேயரை நாங்கள் இன்னும் கூப்பிடவில்லை. மகன் போனில் கேட்கும்போதெல்லாம், "அந்த ஆளு ஒத்துவர மாட்டேங்கறான்டா" என்று நைனா என்னைத் திட்டுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. எனக்கென்று ஊரில் இருக்கும் ஒரே பகையாளி அவர். நூறு வயசு இருக்கட்டும்.