பின்பக்கம் இல்லாத படகு

கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே இரவல் கொடுத்த இனம் நாம். உலகம் அதைத் திருப்பித் தரவேயில்லை. இந்த வரலாற்று அநீதியைத் துடைக்கவே, கடலே இல்லாத எங்கள் மலேசிய ஊர் புந்தோங்கில் ‘கடலோடித் தமிழர் பேரவை’ உதயமாயிற்று. நான் அதன் செயலாளர்.

தலைவர் சுகுமாரன், பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மிதக்கவிட ஓர் இரட்டை உடல் பாய்ப்படகு கட்டச் செய்தார். ஓட்டுவதற்கு, கடலோர ஊரான லுமுட்டில் பாய்ப்படகுப் பயிற்சி கொடுக்கும், தமிழ்-சீனக் கலப்பில் பிறந்த சிலிபின் பெண் விவியனை அழைத்தோம்.

படகைப் பார்த்ததும் விவியன் முகம் சுருங்கியது. “அண்ணே, அடி ரெண்டும் ஒல்லியா, நீளமா இருந்தாத்தான் தண்ணிய வெட்டிட்டுப் போகும். இது குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கு லா.”

“தலைவர் ஏறுற படகு ஒல்லியா இருந்தா மரியாதையா இருக்குமா?” என்றார் தலைவர்.

“சரி, எல்லாரும் பாய்மரத்துக்குப் பின்னால உக்காருங்க. முன்னால பாரம் ஏறினா மூக்கு தண்ணிக்குள்ள போயிடும்.”

பேரவை உறைந்தது. பின்னாலா?

“பின்னால உக்காந்தா போட்டோவுல எப்படி விழுவோம்?” என்று அறிவியல் பூர்வமாகக் கேட்டார் பொருளாளர் மகேந்திரன்.

ஆகவே வெள்ளோட்டத்தன்று நிர்வாகம் முழுவதும் மாலையோடு மூக்கில் அமர்ந்தது. பொன்னாடையை மறைத்த லைஃப் ஜாக்கெட்டுகள் கழற்றப்பட்டன. பின்னால் சுக்கானோடு விவியன் மட்டும்.

“நீங்க நகர்ந்தாத்தான் கயித்த அவுப்பேன்,” என்றார் விவியன்.

தலைவரே அவிழ்த்து அருளினார்.

மலைக்காற்று பாயில் மோதியது. மூக்கு தண்ணீரைக் கும்பிட்டது, நிமிரவில்லை. பின்பக்கம் வானத்துக்கு எழும்பி, படகு குட்டிக்கரணம் போட்டது. நான் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு, எல்லாச் சாமிகளையும் பேரவையில் ஆயுள் உறுப்பினராக்கினேன்.

மகேந்திரனைக் காணோம். கரையில் அவர் மனைவி சரளா அலறினார். விவியன் பாய்க்கு அடியில் மூழ்கி, மகேந்திரனை முடியைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் உதடு நீலமாக இருந்தது. விவியன் நெஞ்சை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். தண்ணீர் வந்தது, பிறகு மூச்சு வந்தது. சரளா விவியனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுவாரம் விசாரணைக் கூட்டம். விபத்துக்குக் காரணம் ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது: பின்னால் இருந்த விவியனுக்கு ‘எடை போதாமை’.

தலைவர் புதிய வரைபடத்தை விரித்தார். “இனிமே யாருக்கும் அவமானம் இல்ல. பின்பக்கமே இல்லாத படகு!”

கைதட்டல் அடங்கியதும் விவியன் கேட்டார்: “அப்ப ஓட்டுறது யாரு அண்ணே?”

“நீதாம்மா. ஒனக்குத்தான் நல்லா நீந்த வருதே. தண்ணியில எறங்கித் தள்ளிக்கிட்டு வா.”

விவியன் எழுந்து போய்விட்டார். தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர், இப்போது நன்றாக மூச்சு விடும் மகேந்திரன்.