பன்னிரண்டு சிலிண்டரில் மாப்பிள்ளை அழைப்பு

காலை ஒன்பது இருபதுக்குக் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் பிறந்த கதையை மாப்பிள்ளைக்கு விளக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

மகளுக்குக் கல்யாணம் என்றால் தகப்பனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவனான எனக்குப் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். அந்தக் கோடையில் ரொறன்ரோவின் மாப்பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை லிமோசினில் வந்து இறங்கினார்கள். (லிமோசின் என்பது இழுத்து நீட்டிய கார். அதற்கென்ன பரம்பரை?) மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எழுபதுகளில் செய்த பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பூப்போல வைத்திருந்தார். நூலகத்தில் படித்ததையெல்லாம் மாதக்கணக்கில் அவருக்கே ஒப்புவித்தேன். என் வாயை மூட வேறு வழியில்லாமல்தான் கல்யாணத்துக்குக் காரின் திறப்பைத் தந்தார் போலும். "இந்த எஞ்சினுக்கு நிறையக் காற்று வேண்டும்" என்று மட்டும் சொன்னார். பௌதிக ஆசிரியருக்கே பாடம்! தெரியும் என்று பெருந்தன்மையோடு சிரித்தேன்.

எங்கள் வழக்கப்படி பெண்வீட்டார் போய் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். பெண்ணின் சகோதரன் தோழனாகக் கூட வர வேண்டும். பதினொரு மணிக்குள் தாலி ஏறாவிட்டால் அன்றைக்கு வேறு நல்ல நேரம் இல்லை என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரில் பின்சீற் இருந்தது, கைக்குழந்தைக்கு அளவாக. அதற்குள் ஆறடி உயர மகன் கபிலன் முழங்காலில் நாடியை வைத்து மடிந்திருந்தான்.

பிக்கரிங்கில் மாப்பிள்ளை நிமலனை ஏற்றினோம். அவர் வீட்டார் முன்னரே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நெடுஞ்சாலையில் திருத்த வேலை, கார்கள் ஊர்ந்தன.

"முதல்லை ஆறு சிலிண்டர்தான், தம்பி. யுத்த காலத்திலை, இரவிலை குண்டு விழுகுதோ எண்டு தொழிற்சாலையிலை காவல் இருந்த எஞ்சினியர்மார் யோசிச்சது."

"ஓம் மாமா."

"பிறகுதான் பன்னிரண்டு. முழுக்க அலுமினியம்."

"ஓம் மாமா. உது என்ன முன்னாலை புகை?"

"அது பனிமூட்டம்."

"ஜூலையிலையோ?" என்றான் கபிலன் பின்னாலிருந்து.

அடுத்த வெளிவழியால் இறங்கி, ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை வாசலில் கார் தானாகவே நின்றது. மூடியைத் திறந்தேன். அவித்த மல்லிகை வாசம் வந்தது.

அந்தக் காருக்கு முன்னால் வாய்போல ஒரு துவாரம் உண்டு. எஞ்சினுக்குக் காற்றுப் போவது அதன் வழியாகத்தான். நூலகப் புத்தகத்தில் படமே இருந்தது. அந்த வாயைத்தான் விடியற்காலையில் என் கையாலேயே சிவப்புப் பட்டால் மூடி, மேலே மூன்று சுற்று மல்லிகை மாலை கட்டியிருந்தேன். (மாப்பிள்ளைக் கார் வெறுமையாகப் போகலாமா?) இப்போதும் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், "அப்பா, மாலையைக் கழட்டுங்கோ" என்கிறான் கபிலன்.

டாக்சிக்குச் சொன்னேன், வரவில்லை. பொதுத் தொலைபேசியில் மண்டபத்தைப் பிடித்தேன்.

"எங்கை நிக்கிறியள்?" என்றாள் மனைவி.

"அது என்னெண்டால், இந்த எஞ்சின்..."

"எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ!"

சொன்னேன். வைத்துவிட்டாள்.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் கடை வாசலில் நின்ற நிமலனைப் பார்த்து, ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எந்த நாட்டு இளவரசர் என்று விசாரித்தார். "பிக்கரிங்" என்றான் கபிலன். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நிமலன் என்னைப் பார்க்காமல் இருந்தார். அது இன்னும் மோசம்.

எங்களை ஏற்ற யார் போவது என்று மண்டபத்தில் மாமன்மார் கூட்டம் போட்டார்களாம். கூட்டம் முடிவதற்குள் ஒரு நீல வான் டோனட் கடை இருந்த பிளாசாவுக்குள் பாய்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்தவள் என் மகள் தாரணி. தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து.

ஆவி கக்கும் காரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமலனைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை அழைக்க வந்திருக்கிறன். ஏறுங்கோ. நேரம் இருக்கு."

நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, நீங்கள் கடைசி சீற். ஹிஸ்ரறி வேண்டாம்."