சத்தம் போடாத மோட்டார்

கடலுக்குப் போகிற படகுக்கு இரண்டு மோட்டார் வேண்டும் என்பதில் படித்தவர், படிக்காதவர், அதிகாரிகள் ஆகிய முத்தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெரிய மோட்டார் போவதற்கு. அது நடுக்கடலில் படுத்துக்கொண்டால், பின்பலகையில் பக்கவாட்டில் தொங்குகிற சின்ன மோட்டார் வீடு திரும்புவதற்கு.

நங்கூரம் என்று துறைமுகம் முழுக்க அழைக்கப்பட்டவருக்கு இது போன பருவத்தில்தான் உறைத்தது. அவருடைய ஒரே மோட்டார் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூச்சை நிறுத்தியது. காலையிலிருந்து சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார். தூரத்தில் போன படகுகளும் மரியாதையாகப் பதிலுக்குச் சட்டையை வீசின. "இந்த ஆள் அசையாம நிக்கிறான்னா அங்க மீன் இருக்கு" என்று நாலு பேர் சுற்றி வந்து வலை போட்டார்கள். சாயங்காலம்தான் ஒருவன் கிட்டே வந்து, "என்னண்ணே, நங்கூரம் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கு வந்த பெயர். அப்பா வைத்த பெயர் இப்போது ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது.

கட்டி இழுத்துக் கரை சேர்த்ததும் அவருடைய மனைவி அழவில்லை. ஐஸ் கூடத்தில் பாளம் பாளமாக ஐஸ் உடைக்கிறவள் அவள்.

"இனிமே சின்ன மோட்டார் இல்லாம படகு நகரக் கூடாது. அதையும் நான் கயித்தை இழுத்துப் பார்ப்பேன். ஸ்டார்ட் ஆனா கடல். இல்லன்னா வீடு" என்றாள்.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

"உயிரோட இருங்க. அது ஒரு வேலைதானே?"

மறுநாள் மெக்கானிக் கொட்டகைக்குப் போனார். மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"படகு எவ்வளவு நீளம்?"

"இருபத்திரண்டு அடி."

"பின்பலகை உசரமா, தாழ்வா?"

"உசரம்."

"ஆறு ஹெச்.பி. நீள ஷாஃப்ட். அலையில படகு தூக்கினாலும் புரொப்பல்லர் தண்ணிக்குள்ளயே இருக்கும். கையால இழுத்து ஸ்டார்ட் பண்றது போதும், பேட்டரியை நம்பாதீங்க. அவ்வளவுதான், போய்ட்டு வாங்க."

மோட்டார் தேர்வு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்தை எந்த அலுவலகமாவது சும்மா விடுமா? அதே வாரம் சிறுபடகு மேம்பாட்டு அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது: 'கடற்பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, அனைத்துப் படகுகளிலும் அலுவலகம் தேர்ந்தெடுத்து வழங்கும் சின்ன மோட்டாரே பொருத்தப்பட வேண்டும். பொருத்தாத படகுகளுக்குக் கடல் சீட்டு வழங்கப்பட மாட்டாது.' மோட்டார் இலவசம் என்றும் போட்டிருந்தது. இலவசம் என்ற சொல்லுக்குப் பிறகு இருந்த மூன்று பக்கங்களைத் துறைமுகத்தில் ஒருவரும் படிக்கவில்லை.

நங்கூரம் விண்ணப்பம் வாங்கப் போனார். எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க படகுக்காரரா?"

"ஆமா சார்."

"சொந்தப் படகா?"

"ஆமா சார்."

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"உள்ள போய் உக்காருங்க. தேர்வுக் குழுவுக்குப் பயனாளி பிரதிநிதி ஒருத்தர் வேணும். பதினோரு மணியில இருந்து நாற்காலி காலியா கிடக்கு."

இவ்வாறாக அவர் குழு உறுப்பினர் ஆனார். சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் 'மாண்புமிகு உறுப்பினர்' என்று அச்சடித்திருந்தது. தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. அவருக்கு யாரும் இதற்கு முன் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை.

குழுவின் தலைவர் துணை இயக்குநர். அடுத்தவர் கட்டடப் பொறியாளர். சோதனை நடக்கவிருந்த சிமெண்ட் தொட்டி அவருடைய பொறுப்பில் இருந்தபடியால் அவரைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாமவர் ஆலோசகர். கடலை அவர் விமானத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார்.

தொட்டி அலுவலகத்தின் பின்புறம், துணை இயக்குநருடைய அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஐந்து கம்பெனிகள் ஐந்து மோட்டார்களைக் கொண்டுவந்திருந்தன. மதிப்பெண் பட்டியலில் சத்தம், புகை, அதிர்வு, எரிபொருள் செலவு, எடை, தோற்றம் என்று கட்டங்கள் இருந்தன. 'படகை நகர்த்தும் திறன்' என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதைப் பொறியாளர் ஆட்சேபித்தார்.

"தொட்டி நகராது, சார். நான் கட்டினது."

அந்தக் கட்டத்தின் மேல் 'பொருந்தாது' என்று கோடு போட்டார்கள்.

முதல் மோட்டார் ஒரே இழுப்பில் உறுமியது. துணை இயக்குநரின் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சத்தத்துக்குச் சைபர். இரண்டாவது மோட்டார் தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்து ஆலோசகரின் காலணியில் ஊற்றியது. தோற்றத்துக்குச் சைபர். அது தன் காலணியின் தோற்றத்தைக் குறித்தது என்று அவர் விளக்கவும் செய்தார். மூன்றாவது புகைந்தது. நான்காவது, மெக்கானிக் சொன்ன அதே ஆறு ஹெச்.பி. நீள ஷாஃப்ட். அதன் நீளத்துக்குத் தொட்டியின் அடித்தளம் இடித்ததால் இறக்கவே முடியவில்லை. 'அளவு பிழை' என்று எழுதி ஓரம் கட்டினார்கள்.

ஐந்தாவது மோட்டார் இளம்பச்சை நிறம். கைக்கு அடக்கம். கம்பெனிக்காரர் கயிற்றை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார். டையைத் தளர்த்திக்கொண்டு இழுத்தார். முப்பது தரம் இழுத்துவிட்டு, தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

துணை இயக்குநர் பட்டியலைக் கையில் எடுத்தார். "சத்தம்?"

"இல்லை, சார்."

"புகை?"

"இல்லை."

"அதிர்வு?"

"துளியும் இல்லை."

"எரிபொருள் செலவு?"

"ஒரு சொட்டு இறங்கலை, சார்."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பச்சை சற்றே அழுத்தம் என்று ஆலோசகர் இரண்டு மதிப்பெண் குறைத்துக்கொண்டார்.

நங்கூரம் எழுந்து நின்றார். "சார், அது ஸ்டார்ட்டே ஆகலையே."

துணை இயக்குநர் கோபிக்கவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற குரலில் ஆரம்பித்தார். "உறுப்பினரே, இது பெரிய மோட்டாரா, சின்ன மோட்டாரா?"

"சின்னது."

"பெரியது ஓடும்போது சின்னது என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

"வருஷத்துல எத்தனை நாள் பெரியது ஓடும்?"

"ஒண்ணு ரெண்டு நாள் தவிர எல்லா நாளும் ஓடும் சார்."

"ஆக, முந்நூத்தி அறுபத்து மூணு நாள் இது தன் வேலையைச் சரியா செய்யும். எங்க ஆபீஸ்ல இப்படி வேலை செய்யிற ஒண்ணை நீங்க காட்டுங்க பார்ப்போம்."

நங்கூரம் சுற்றிப் பார்த்தார். காட்ட முடியவில்லை. "மீதி ரெண்டு நாள்?" என்று மட்டும் கேட்டார்.

"அது விதிவிலக்கு. விதிவிலக்குக்கெல்லாம் திட்டம் போட்டா நாடு தாங்காது."

எழுத்தர் காகிதத்தை நீட்டிக்கொண்டே காதோடு சொன்னார்: "கையெழுத்து இல்லன்னா கோப்பு திரும்பப் போகும். வர்ற பருவத்துக்கு நாற்பது படகுக்கும் சீட்டு கிடையாது. உங்களாலதான்னு ஊர் சொல்லும்."

நங்கூரம் தன் சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்தார். மாண்புமிகு என்பதில் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நாற்பது மோட்டார்கள் வந்து இறங்கின. கூடவே ஆலோசகர் அரை நாள் பயிற்சி நடத்தினார். தலைப்பு: 'உங்கள் மோட்டாரை உணருங்கள்.' எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். கயிற்றைத் தொட்டு மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

"மோட்டாரை யாரும் ஸ்டார்ட் பண்றதில்ல, நண்பர்களே. நம்ம நம்பிக்கைக்கு அது பதில் சொல்லுது. உள்ள சந்தேகம் இருக்கிறவருக்கு அது பேசாது."

பிறகு நாற்பது பேரும் தனித்தனியாகத் தங்கள் படகில் போய் இழுத்துப் பார்த்தார்கள். நாற்பதும் பேசவில்லை. நாற்பது பேரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, மோட்டாரைத் துணி போட்டு மூடினார்கள்.

ஆனால் துறைமுகமே பச்சை மோட்டாரைத் தவிர வேறு பேசவில்லை. ஒருவன் அதற்குப் பூப்போட்ட உறை தைத்தான். மறுவாரம் நாற்பதுக்கும் பூப்போட்ட உறை வந்துவிட்டது. "உங்களுது எப்படிண்ணே?" என்று கேட்டால், "பட்டு மாதிரி" என்று பதில் வரும். ஒருவனிடம் பத்து வருடமாக ஒழுங்காக ஓடிய பழைய சின்ன மோட்டார் இருந்தது. "இன்னுமா இந்த கடகடா வண்டியை வச்சிருக்கே?" என்று மைத்துனன் சிரித்த சிரிப்பில், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

நங்கூரத்தின் மனைவிக்குப் பயிற்சி கிடைக்கவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறிக் கயிற்றை இழுத்தாள். படகு ஆடியது. பக்கத்துப் படகும் ஆடியது. மோட்டார் மட்டும் ஆடவில்லை.

"நம்பிக்கையோட இழுக்கணுமாம்" என்றார் நங்கூரம், தயங்கித் தயங்கி.

"எனக்கு இருக்குங்க. அதுக்குத்தான் இல்ல. எந்த அறிவுக்கொழுந்து இதைப் பொறுக்கி எடுத்தது?"

"அது... ஒரு குழு."

"குழுவுல கடலுக்குப் போறவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

நங்கூரம் பேச்சை மாற்றி, மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். அவன் மூடியைக் கழற்றினான்.

"தீப்பொறி கொடுக்கிற கம்பிச் சுருள், அந்தக் 'காயில்', அதுவே இல்லண்ணே. அது இருக்க வேண்டிய இடத்துல 'தரச் சோதனை செய்யப்பட்டது'ன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கு."

நங்கூரம் புகார் எழுதிக் கொடுத்தார். எட்டாம் நாள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு: தாங்கள் கையொப்பமிட்டுத் தேர்ந்தெடுத்த மோட்டார் குறித்துப் படகுக்காரர் ஒருவர் புகார் அளித்துள்ளார். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

கடிதத்தோடு அலுவலகத்துக்கு ஓடினார். "சார், புகார் கொடுத்ததும் நான்தான்."

எழுத்தர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அது வேற கோப்பு, இது வேற கோப்பு. புகார் நிஜம்னு எழுதினீங்கன்னா, உறுப்பினர் தப்பா கையெழுத்துப் போட்டார்னு ஆகும். நாற்பது மோட்டாருக்கும் நீங்கதான் பொறுப்பு. ஆதாரமில்லன்னு எழுதினா யாருக்கும் தொந்தரவு இல்ல."

நங்கூரம் அங்கேயே நின்று எழுதினார்: 'புகார்தாரருக்கு மோட்டார் பற்றிய போதிய அறிவு இல்லை.' மூன்றாம் நாள் அந்த வரி, முத்திரையோடு, புகார்தாரர் என்ற முறையில் அவருக்கே வந்து சேர்ந்தது. படித்ததும் உண்மையிலேயே மனம் புண்பட்டது.

தபால் வந்தபோது அவர் மனைவி பக்கத்தில் இருந்தாள். இரண்டு கடிதங்களையும் படித்தாள். சாப்பாட்டுத் தட்டை வழக்கத்தைவிட ஒரு படி சத்தமாக வைத்தாள்.

பருவம் தொடங்க இரண்டு நாள் இருந்தபோது ஏலக் கூடத்தில் கூட்டம் கூட்டினார்கள். துணை இயக்குநர் மேடையில் எழுந்தார்.

"சின்ன மோட்டார் திட்டத்தில் இதுவரை நிலுவையில் ஒரு புகார்கூட இல்லை. யாருக்காவது குறை உண்டா?"

நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து சொன்னால் நம்பிக்கை இல்லாதவன் என்று தெரிந்துவிடும். "பட்டு மாதிரி இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஐயா, ஒரு கேள்வி" என்று நங்கூரத்தின் மனைவி எழுந்தாள். "நாற்பது மோட்டார் இருக்கு. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒண்ணை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. நான் உக்காந்துக்கிறேன்."

நாற்பது பேரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். துணை இயக்குநர் குனிந்து ஆலோசகரிடம் பேசினார். பொறியாளரிடம் பேசினார். முகம் மலர நிமிர்ந்தார்.

"அருமையான ஆலோசனை. இந்த அம்மாவின் கோரிக்கையை அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆக வேண்டுமா என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்படும். அதன் அறிக்கை வரும்வரை, மக்களின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி, எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது."

ஒரே அறிவிப்பில் அந்தப் பருவம் முழுதாகப் போயிற்று. கூடமே திரும்பி அவளை முறைத்தது. "சும்மா கிடந்ததைக் கிளறி விட்டியேம்மா" என்று பூப்போட்ட உறை தைத்தவன் அலுத்துக்கொண்டான்.

"குழுவுக்குப் பயனாளி பிரதிநிதி ஒருவர் தேவை" என்று தொடர்ந்தார் துணை இயக்குநர். "நாற்காலியும் அட்டையும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம்."

முறைத்த தலைகள் எல்லாம் மேடைப் பக்கம் திரும்பின. கைகள் உயர்ந்தன. நாற்பது கைகளிலும் உள்ளங்கை சிவந்து, கயிறு இழுத்த தடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் உயர்ந்த கையை மட்டும் அவள் எங்கிருந்தாலும் அடையாளம் கண்டுவிடுவாள். அன்று காலையில் அதிலிருந்த கொப்புளங்களுக்கு மருந்து போட்டுவிட்டதே அவள்தான்.