கண்ணாடிக்காரரின் ஒரே வாசகர்

இனிமேல் இந்த வீட்டில் வாயால் பேசுவதில்லை, புள்ளிவிவரத்தால்தான் பேசுவது என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். கல்யாணமான நாள் முதலாக வாயால் பேசி அவர் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். ஊரில் யாருக்குப் பார்வை மங்கினாலும் உட்கார வைத்துச் சரியாகச் சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் மூக்குக்குக் கீழே நடப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வழக்கு இதுதான். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி, கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளுக்காகவே மனிதர் உயிர் வாழ்ந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தம் இணையதளத்தில் கட்டுரை எழுதுவார். தளத்தின் பெயர் 'புத்திசாலிக் கணவன்'. மனைவியிடம் சிக்காமல் தப்பிப்பது எப்படி என்று உலகத்துக் கணவன்மார்களுக்கெல்லாம் வழி சொல்லும் தளம். அவருடைய மனைவியோ வீட்டுக் கூடத்தில் தையல் வகுப்பு நடத்துகிறாள். மெஷின்கள் பெருகிப்போய், அந்தப் பின்னறையைக் கேட்டாள்.

"உலகமே படிக்குதும்மா என் எழுத்தை! அதைப் போய் நிறுத்தச் சொல்றியே!"

"உலகம்னா எத்தனை பேருங்க?"

"எத்தனை பேரா? அதெல்லாம்... ஏகப்பட்ட பேரு."

"ஏகப்பட்ட பேரெல்லாம் வேணாம். உங்களைச் சேர்க்காம பத்து பேர். மாசம் முடியறதுக்குள்ள காட்டுங்க. காட்டினா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா என் மெஷினுக்கு."

பத்தே பேர்! கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே எதிர்வீட்டுக் கணினி மெக்கானிக்கைப் பிடித்தார். அவர் நாலு வரி நிரல் எழுதிக் கொடுத்து, "இதைத் தளத்துல ஒட்டிடுங்க அண்ணே. வாசல்ல காவல்காரனை உட்கார வச்ச மாதிரி. யாரு வந்தாங்க, எங்கிருந்து வந்தாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்க, எல்லாம் சொல்லிடும்" என்றார். கண்ணாடிக்காரர் ஒட்டினார். பதிவு செய்ய ஈமெயில் கேட்டது. தம்முடைய ஈமெயிலின் பாஸ்வேர்டை அவர் மறந்து யுகமாகிறது. கரண்ட் பில் வருகிற ஈமெயிலைத் தட்டிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் பார்த்தால் கூட்டமான கூட்டம்! பத்தாவது, நூறாவது, ஏறிக்கொண்டே போகிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார்.

மெக்கானிக் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அண்ணே, யாராவது வந்தாங்களான்னு எத்தனை தடவை திறந்து பாத்தீங்க?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஏன்?"

"நீங்களே கதவைத் தட்டி, நீங்களே திறந்து, 'வாங்க வாங்க'ன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இத்தனையும் நீங்கதான்."

அவருடைய கணினியைக் கணக்கில் சேர்க்காதபடி மெக்கானிக் அமைப்பை மாற்றினார். கூட்டம் கலைந்தது. திருவிழா முடிந்த திடல் கூட அப்படி வெறிச்சோடாது. மிஞ்சியது ஒரே ஒருவர்.

ஆனால் அந்த ஒருவர் இருக்கிறாரே! தினமும் மதியம் தவறாமல் வருகிறார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். சில இடங்களில் திரும்ப மேலே போய் இன்னொரு தடவை படிக்கிறார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ ஒரு அப்பாவிக் கணவன், மனைவி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சமையலறை மூலையில் ஒளிந்துகொண்டு நம் எழுத்தைப் படித்துத் தேறிக்கொண்டிருக்கிறான்!

"யாருய்யா அந்தப் புண்ணியவான்? கண்டுபிடிச்சுச் சொல்லு."

மெக்கானிக் நோண்டினார். அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. "அண்ணே... இது உங்க வீட்டு இணைப்புதான். செல்போன்லேர்ந்து." சொன்னதோடு நிற்காமல், இனி குழப்பம் வேண்டாமென்று அந்த இணைப்புக்கு 'வீடு' என்று பெயரும் போட்டுவைத்தார்.

கண்ணாடிக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. 'கடைக்குப் போகச் சொன்னால் முழங்கால் வலி என்று சொல்லுங்கள்' என்று எழுதினார். மறுநாள் அவர் வாயைத் திறக்குமுன் தைலம் வந்து நின்றது, பின்னாலேயே பையும் வந்தது. 'மாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டால் கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லுங்கள்' என்று எழுதினார். அவள் முன்கூட்டியே சரக்குக்காரருக்குப் போன் போட்டு, சரக்கு அடுத்த வாரம்தான் என்று கேட்டு வைத்திருந்தாள். உலகத்துக்கு வழி சொல்லுகிறோம் என்று நினைத்து, எதிரிக்குப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார்!

புத்திசாலிக் கணவன் சும்மா இருப்பானா? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதினார்: 'மனைவி ஓர் அறையைக் கேட்டால் முரண்டு பிடித்துப் பிறகு கொடுத்துவிடுங்கள். அவள் உள்ளே போய்விட்டால் கூடமும் சாய்வு நாற்காலியும் முழுக்க நம் ராஜ்யம். நான் காத்திருப்பதே அதற்குத்தான்!'

இதைப் படித்தால் அவள் அந்த அறையைத் தொடுவாளா? தொடமாட்டாள். மறுநாள் மதியம் மெக்கானிக் வீட்டில் உட்கார்ந்து, 'வீடு' வந்து படித்துவிட்டுப் போனதை உறுதி செய்துகொண்டு, வீட்டுக்கு வந்தார். தையல் வகுப்புப் பெண்கள் கூடம் நிறைய இருந்தார்கள். சாட்சி இருப்பது நல்லதுதான்.

"ஏம்மா, பந்தயமெல்லாம் எதுக்கு? அந்த ரூமை நீயே எடுத்துக்கோ."

"நிஜமாவா சொல்றீங்க?"

"மனசாரச் சொல்றேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? பிடிங்கடி மெஷினை!"

அவர் திகைத்து நிற்கும்போதே ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷின்கள் கிளம்பிவிட்டன. கண்ணாடிக்காரர் பதறினார். "ஏய், ஏய்! அப்ப நீ படிக்கலையா?"

"எதைங்க?"

அவள் சிரித்தாள்.

"அந்த வாசகர் கணக்கு தினமும் எனக்கும் ஈமெயில்ல வருதுங்க. பதியறப்ப எந்த ஈமெயிலைக் குடுத்தீங்க?"

"கரண்ட் பில்..."

"கரண்ட் பில்லை இந்த வீட்டுல யாரு கட்டறது? நேத்து வந்ததுல 'வாசகர்: ஒருவர். இடம்: வீடு'ன்னு போட்டிருந்துச்சு. சரி, நம்மளைக் கண்டுபிடிச்சுட்டாருன்னு நினைச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே ரூமைக் குடுக்கச் சொல்லிக் கட்டுரை வருது. எனக்குத் தெரியாதா உங்களை?"

மறுநாள் காலையில் அவர் கணினியைக் கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, நின்றபடியே திறந்தார். வாசகர்கள் பத்தைத் தாண்டியிருந்தார்கள்! வேறு வேறு செல்போன், வேறு வேறு இணைப்பு. குதித்தார்.

"ஜெயிச்சுட்டேன்! மாசம் இன்னும் முடியலை! எடு மெஷினை!"

"அவங்கெல்லாம் எங்க தையல் வகுப்புதாங்க. நேத்துதான் விலாசம் குடுத்தேன். அவங்கவங்க வீட்டுக்காரரும் இதைத்தான் செய்யறாராம், ரொம்ப உபயோகமா இருக்குன்னாங்க. நீங்க ஜெயிச்சீங்க, நான் இல்லேங்கலை. ஆனா ரூமை நேத்தே மனசாரக் குடுத்துட்டீங்களே."

பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. அவர் உயிராய் நேசித்த தாழ்ப்பாள் உள்ளே விழும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் கதவருகே போய் மெல்லத் தட்டினார்.

"ஏம்மா, அப்ப நான் எங்கே உட்கார்ந்து எழுதறது?"

மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றது.

"அதையும் ஒரு கட்டுரையா எழுதிப் போடுங்க. நாங்க எல்லாரும் படிச்சுட்டுச் சொல்றோம்."