மேனேஜர் பார்க்கிறார்

தலையை யாரோ ஈரத் துணி போல முறுக்கிப் பிழிவதாக இருந்தது கிளார்க்குக்கு. பின்கழுத்தில் கிளம்பிய வலி மண்டையைச் சுற்றி வந்து கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. இடது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது.

"எல்லாம் அந்த ஆளாலதான்," என்று பல்லைக் கடித்தார்.

அந்த ஆள், போன மாதம் வந்த மேனேஜர். வந்ததும் வராததுமாக அறைச் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடச் சொன்னார். கிளார்க்குக்கு இடப்பக்கம், சற்றே பின்னால் அந்த அறை. தலை நரைக்கும்வரை நாணயமாக உழைத்தவனை ஒருத்தர் கண்ணாடி போட்டுக் கண்காணிப்பதா? பார்க்கிறாரா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். திரும்பிப் பார்த்தார். நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருந்தார்.

"தலையணை உசரம். எடுத்துட்டுப் படுங்க," என்றாள் மனைவி.

எடுத்துவிட்டுப் படுத்தார். காலையில் கழுத்து மரக்கட்டையாக எழுந்தது.

"ஒரே ஒரு சொடக்கு மாமா, சரியாயிடும்," என்று மைத்துனன் தலையைப் பிடித்துத் திருகினான். எறும்பு முழங்கைவரை ஏறியது.

திரும்பினால்தானே வலி? மனைவியின் கைக்கண்ணாடியைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டினார். அதில் மேனேஜர் தெரிய வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கி, தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தார். மேனேஜர் தெரிந்தார். இவரையேதான் முறைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருந்துக் கடையில் கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். இப்போது நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்ப முடிந்தது. அந்தப் பாழாய்ப்போன நாற்காலி ஒவ்வொரு தடவையும் கிறீச்சென்று காட்டிக்கொடுத்தது. கத்தியபோதெல்லாம் மேனேஜர் வெடுக்கென்று இந்தப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ராஜினாமா," என்றார் வீட்டுக்கு வந்ததும். "என் தலைக்குள்ள ஏதோ வளருது. அதுக்கு அந்த ஆள்தான் பதில் சொல்லணும்."

"பொண்ணு இன்னும் காலேஜ் முடிக்கல. ராஜினாமாவை அப்புறம் குடுங்க, முதல்ல கழுத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், விரலை அழுத்தச் சொன்னார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பயப்பட வேணாம். கழுத்துத் தசை இறுகிப்போயிருக்கு, நரம்பும் லேசா அழுந்துது. தலைபாரம், மரமரப்பு எல்லாம் அங்கேருந்து வர்ற மாதிரிதான் தெரியுது. பக்கத்து ரூம்ல பிசியோதெரபி அம்மா இருக்காங்க, பாருங்க."

கழுத்தில் மட்டுமா கோளாறு? அடிப்படைக் காரணம் சுகமாகக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறதே என்று கிளார்க்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பிசியோதெரபி அம்மாள் பின்கழுத்தை அழுத்திக்கொண்டே கேட்டாள். "ஒரே பக்கமா திரும்பித் திரும்பி வேலை பாப்பீங்களோ?"

"நான் எங்கம்மா திரும்பறேன், திருப்பறான். எங்க இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் புதுசா வந்த மேனேஜர். மனுஷனா அவன்? கண்ணாடி அறைக்குள்ள உக்காந்துகிட்டு நாள் முழுக்க என்னையே பாத்துட்டிருக்கான். நாளைக்கே வேலையை விடறேன்."

அழுத்திய கை நின்றது.

"சார், காலையில வந்த உங்க மேனேஜருக்கு வலப்பக்கக் கழுத்து, வந்த நாள்லேருந்து கிளார்க் ஒருத்தர் முறைச்சுக்கிட்டே இருக்காராம், இப்பவும் பாக்கறாரா பாக்கறாரான்னு திரும்பித் திரும்பியே கழுத்து போச்சாம், இன்னைக்கே மாத்தல் கேட்டு எழுதிட்டேன்னு அழாத குறையா சொல்லிட்டுப் போனாரு."