அச்சுக்குப் போகக் கூடாத மங்கா

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் கடையும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும். எந்நேரமும் குனிந்து படம் போடுவதால் கழுத்துக்கோ கண்ணுக்கோ ஏதாவது ஆகியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதவும். கண்ணுக்கு என்றால் நான் இருக்கிறேன். கழுத்துக்கு நீ வேறு ஆளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உடனே சரி என்று சொல்லிவிடுவேன், உன் ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுதானே நடக்கிறது. அதனால்தான் கடிதம். நீ ஜப்பான் பாணியில் வரைந்த மங்கா படக்கதையின் மாதிரிப் பிரதி இன்று காலை கூரியரில் வந்தது. கூடவே உன் துண்டுச் சீட்டும் இருந்தது: “மாமா, இது உங்க மூணு பேர் கதை. நடந்தது நடந்தபடி இருக்கான்னு பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும்.” பார்த்துவிட்டேன். அச்சுக்குப் போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் காலையில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பிரதி வந்தபோது வக்கீலம்மா ஒருவர் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் மருந்து விட்டு, பாவை விரியட்டும் என்று காத்திருக்கச் சொல்லியிருந்தேன். அந்தச் சமயத்தில் சும்மா இரண்டு பக்கம் புரட்டுவோம் என்று உன் புத்தகத்தைப் பிரித்தேன். அட்டையும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. தொழிலில் இப்படி இருந்தால் உருப்பட்ட மாதிரிதான். இரண்டு பக்கத்தோடு நிற்க முடிந்ததா? நடுவிலேயே எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்துவிட்டது, மூக்கை உறிஞ்சினேன். மருந்து விட்ட கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாதே, அந்தம்மாவுக்குக் காதில் விழுந்தது மட்டும்தான். “என்ன டாக்டர், அழுறீங்களா? என் கண்ணு அவ்வளவு மோசமா?” என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், விக்கல்தான் வந்தது. அவர் கைப்பையைத் தடவிப் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, “உடனே வாடா, கண்ணாடிக் கடைக்காரரே அழுதுட்டார்” என்று சொல்ல, மகன் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அந்தம்மாவுக்குக் கிட்டப்பார்வை துளி கூடியிருக்கிறது, வேறு ஒரு மண்ணும் இல்லை என்று அவர்களை நம்ப வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் ஏன் அழுதேன் என்று நீ கேட்பாய். கடை மாடியில் அந்த அறை உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டால் இவ்வளவு சரியாக வரைந்திருக்க மாட்டாய். ஜன்னலை மறைக்கப் பழைய கண் பரிசோதனை அட்டைகள், கண்ணாடிச் சட்டப் பெட்டிகளின் மேல் டிவி, அதன் மேல் தலையில் தட்டினால்தான் ஓடுகிற வீடியோ டேப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் அங்கேதான். நீ மூலையில் உட்கார்ந்து காலிப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருப்பாய். நான், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அதிகாரம், லிஃப்ட் மெக்கானிக் டப்பிங். அதிகாரத்துக்கு எதையும் அதிகாரப்பூர்வமாகச் சொன்னால்தான் நம்பிக்கை வரும், அதனால் அந்தப் பெயர். டப்பிங்குக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதுதான் எங்கள் சரித்திரமே.

அந்தக் காலத்தில் ஜப்பான் கார்ட்டூன், அதான் அனிமே, எங்கே கிடைத்தது? யாரோ கப்பலில் கொண்டுவந்ததை யாரோ பதிந்து, அதை இன்னொருவர் பதிந்து, எங்களிடம் வரும்போது ஆட்கள் மழையில் நிற்பது போலத் தெரிவார்கள். அடியில் எழுத்து கிடையாது. ஜப்பானிய மொழி எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. டப்பிங் மட்டும், “எனக்குக் கொஞ்சம் தெரியும்ப்பா, ஜப்பான் லிஃப்ட் கம்பெனிக்காரங்க சொல்லிக் குடுத்தாங்க” என்று சொல்லிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் அவனே தமிழில் பேசுவான். ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், குதிரை கனைப்பது வரைக்கும் அவன்தான். ஒற்றைக்கண் தளபதி வாளை உருவிக்கொண்டு வந்தால், “எனக்கு ஒரு கண்ணாடி வேணும், கீழே கடை திறந்திருக்கா?” என்பான். அவனுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி மேலே, கீழே, கதவை மூடு என்ற மூன்றும்தான் என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அவன் சொன்ன கதைகளில் யாரும் சாக மாட்டார்கள். விழுந்தவன் மயக்கம் போட்டிருப்பான், காணாமல் போனவன் வெளியூரில் வேலை கிடைத்துப் போயிருப்பான். அந்த நாளெல்லாம் இனிமேல் வராது, மருமகளே. இப்போது போனிலேயே ஜப்பானில் வந்த அன்றைக்கே வருகிறது, எழுத்தும் துல்லியம், படமும் துல்லியம். பார்க்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பிறகுதான் அந்த வெளிநாட்டு வெளியீடு வந்தது. ஜப்பானுக்கு வெளியே விற்பதற்கென்று கம்பெனிக்காரர்களே அடியில் இங்கிலீஷ் எழுத்துப் போட்டு வெளியிட்ட டிஸ்க். அதிகாரம் அதை வரவழைத்து, மாடிக்குக் கொண்டுவந்து, கையைத் துடைத்துக்கொண்டு போட்டான். பார்த்தால், நாங்கள் அண்ணன் தங்கை என்று நினைத்திருந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி. டப்பிங் சொன்ன கதையில் கண் ஆபரேஷனுக்குக் கப்பலேறிய தளபதி உண்மையில் கடலில் செத்துப் போயிருந்தான். அதிகாரம் திரும்பி, “பாத்தியா, இதான் அதிகாரப்பூர்வமானது. நீ இவ்வளவு நாள் சொன்னது பூராப் பொய்” என்றான். டப்பிங் ஸ்டூலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு இறங்கிப் போனான். பிறகு மாடிக்கு வரவே இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு நான்தான் போய் உட்கார்ந்திருந்தேன். அதிகாரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதிகாரமும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இவ்வளவும் உனக்கு உன் அம்மா சொல்லித் தெரிந்திருக்கும்.

இப்போது உன் புத்தகத்துக்கு வருகிறேன். உள்ளூர்க்காரர்கள் வரைந்தால் அது மங்காவே இல்லை என்று சண்டை போடுகிறவன் நான் இல்லை, அது அதிகாரத்தின் கட்சி. கோடு நன்றாக இருக்கிறது. மூக்கு மட்டும் எனக்கு இவ்வளவு பெரிதில்லை. ஆனால் கதையை என்ன செய்து வைத்திருக்கிறாய்? பூட்டிய மாடிக் கதவில் ஆரம்பிக்கிறாய், சரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான், “போய்ட்டான்” என்கிறேன். அடுத்த கட்டத்தில் அதிகாரம் ஓடிவந்து, “எப்படி இருக்கான்?” என்று கேட்கிறான். பதில் முன்னால், கேள்வி பின்னால். புதுப் பாணி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் அக்கிரமம். கட்டிலில் கிடந்த டப்பிங் எழுந்து உட்காருகிறான். அவனுக்கு முடி முளைக்கிறது, கன்னம் உப்புகிறது. ஆஸ்பத்திரியை விட்டு வந்து லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான். ஒருநாள் எங்கள் மாடிப்படியில் நிற்கிறான். உள்ளே வந்து சுவரில் சாய்த்திருந்த ஸ்டூலை எடுத்து விரித்து உட்காருகிறான். கடைசிப் பக்கத்தில் மூன்று பேரும் வாலிபப் பையன்களாக டிவி முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஏம்மா, செத்தவனை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அது நடந்தது நடந்தபடியா? அழகாகத்தான் இருக்கிறது, அதனால்தான் வக்கீலம்மா எதிரில் மானம் போனது. ஆனால் பொய். யாரையும் சாக விடாமல் கதை சொல்வது டப்பிங்கின் வேலை. அவன் சொன்னதைக் கேட்கத்தான் பிடிக்கும், அவனைப் பற்றியே அப்படிச் சொன்னால் தாங்கவில்லை.

நான் மட்டும் முடிவெடுத்தால் சரியாகாது என்று கடையைச் சாத்திவிட்டு நேரே இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். பரிசோதனைக் கண்ணாடிச் சட்டம் நெற்றியில் ஏறி நிற்பது எனக்குத் தெரியாது, காவலாளி இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அதிகாரம் கவுன்டரில் இருந்தான். நரைத்திருக்கிறான். என்னைப் பார்த்தான். இவ்வளவு வருஷம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை, “டோக்கன் எடுத்தீங்களா?” என்பது. எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், வேறென்ன செய்வது. என் முறை வந்ததும் உன் புத்தகத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினேன். வரிசையில் ஆட்கள் முணுமுணுக்க முணுமுணுக்க அவன் படித்தான். முடித்துவிட்டு, “இது மங்காவே இல்ல. மங்கான்னா அங்கேருந்து வரணும்” என்றான். சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தான். துடைத்தது முத்திரை மையைத் துடைக்கிற துணி, இரண்டு கண்ணைச் சுற்றியும் நீலம். மேனேஜர் எழுந்து வந்து அவனுக்கு அரைநாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

இருவரும் வெளியே நின்று டீ குடித்தோம். “கடைசியா அவன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?” என்று கேட்டான். “தளபதி கப்பல்லேருந்து இறங்கிட்டானான்னு அதிகாரத்தைக் கேளுன்னு சொன்னான்” என்றேன். அதிகாரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அச்சடிக்க வேண்டாம்னு எழுதிடு. நடந்ததை மாத்தக்கூடாது” என்றான். அவனும் நானும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே என் முடிவு இதுதான்: வேண்டாம். உன் மீது கோபம் இல்லை. படிக்கிறவர்களில் யாராவது ஜப்பான்காரர்கள் மாதிரி வலமிருந்து இடமாகப் படிக்கத் தெரியாமல் திணறினால் அது அவர்கள் பாடு, அதற்காக நீ எதையும் திருப்பிப் போடாதே. ஆதியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் அப்படிக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி அச்சடித்துத்தான் வாள்வீரர்கள் அத்தனை பேரும் இடதுகைக்காரர்களாகப் போனார்கள். கதையை மட்டும் மாற்று. டப்பிங் கட்டிலிலேயே இருக்கட்டும். அது வரைய உனக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

உன் அம்மாவுக்கு என் அன்பையும் மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். கையும் கண்ணும் கெடாமல், மை வற்றாமல், நூறு புத்தகம் போட்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
கண்ணாடிக் கடை மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அத்தை பிரதியை வாங்கிப் படித்தாள். அவள் ஆயுளில் படிக்கிற முதல் மங்கா. முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் வரைஞ்சிருக்கா. ஆனா இப்படியா முடிக்கிறது, கதவைப் பூட்டி?” என்றாள். “பூட்டுறது ஆரம்பம். முடிவுல மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு இருப்போம்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “அதுதாங்க முதல் பக்கம். நம்ம பொண்ணு நம்ம பாஷையில எழுதினதை ஏன் பின்னாலேருந்து படிக்கிறீங்க?” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இடமிருந்து வலம். கேள்வி முன்னால், பதில் பின்னால். டப்பிங் ஸ்டூலை மடக்கி வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். கன்னம் ஒட்டுகிறது, முடி கொட்டுகிறது. ஒன்றைக்கூட நீ மாற்றவில்லை. அதிகாரத்துக்குப் போன் செய்து, இரண்டு கிழடுகளும் ஜப்பான் புத்தகம் படித்த பழக்கதோஷத்தில் தலைகீழாகப் படித்துவிட்டோம் என்று சொன்னேன். “அப்ப அவ எழுதியிருக்கிறது சரியானதுதானா?” என்றான். சரியானதுதான் என்றேன். “ஞாயித்துக்கிழமை மாடியைத் திறந்து வைக்கிறியா?” என்று கேட்டான்.

ஆகையால் மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தாராளமாக அச்சுக்குக் கொடு, பக்க எண் போட்டுக் கொடு. எங்கள் இருவருக்கும் மட்டும் புதுப் பிரதி அனுப்ப வேண்டாம், எண் போடாத இதுவே போதும். நீ சொன்ன வரிசையில் நாங்கள் ஒருமுறை அவனை நேரிலேயே பார்த்தாயிற்று. இனி இந்தக் கடைசிப் பக்கமிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.